ஆர்க்ரீவ் 2001: தோற்றவர்கள் மறுபடி வந்து நின்ற களம்

தடியால் கேடயத்தைத் தட்டுகிறார்கள். ஒருவர் இருவர் இல்லை, வரிசை முழுக்க. முதலில் தாறுமாறாகக் கேட்கும் சத்தம் கொஞ்ச நேரத்தில் ஒரே தாளத்தில் விழ ஆரம்பிக்கிறது. எதிரே ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் போட்ட ஆட்கள் கூட்டமாக நிற்கிறார்கள். சிலருக்குத் தலை நரைத்துவிட்டது, சிலருக்குத் தொப்பை விழுந்திருக்கிறது.

கேடயம் பிடித்திருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் போலீஸ்காரர்கள் இல்லை. வார இறுதிகளில் ரோமானியச் சிப்பாயாகவும் வைக்கிங்காகவும் 17ஆம் நூற்றாண்டு ஈட்டிக்காரனாகவும் வேஷம் கட்டுகிறவர்கள். எதிரே நிற்கும் கூட்டத்தில் பலருக்கு வேஷமே கிடையாது. 17 வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் இதே சத்தத்தைக் கேட்டபடி நின்ற சுரங்கத் தொழிலாளர்கள் அவர்கள்.

2001 ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை. இடம் இங்கிலாந்தின் தெற்கு யார்க்ஷயரில், ராதர்ஹாமுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆர்க்ரீவ். 1984 ஜூன் 18 அன்று அங்கே போலீசுக்கும் வேலைநிறுத்தத்தில் இருந்த நிலக்கரித் தொழிலாளர்களுக்கும் நடந்த மோதலை, சுமார் 800 மீள்நடிப்பாளர்களும் சுமார் 200 முன்னாள் தொழிலாளர்களும் சேர்ந்து மறுபடி நடத்திக் காட்டினார்கள். ஜெரமி டெல்லர் என்ற கலைஞரின் யோசனை அது.

போர் மீள்நடிப்பு என்னும் பொழுதுபோக்கில் நிஜமாகச் சண்டை போட்டவர்கள் பெரும்பாலும் களத்தில் இருப்பதில்லை. அவர்கள் செத்து நூற்றாண்டுகள் ஆகியிருக்கும். உடையில் தையல் தப்பு, துப்பாக்கி பிடித்த விதம் தப்பு என்று சொல்லப் புத்தகம் படித்தவர்கள் வருவார்கள்; "நான் அங்கே இருந்தேன், அப்படி நடக்கவில்லை" என்று சொல்ல யாரும் வரமாட்டார்கள். ஆர்க்ரீவில் அப்படிச் சொல்லக்கூடியவர் பக்கத்திலேயே தோளோடு தோள் உரசி நின்றார். அந்த ஒரே ஒரு வித்தியாசம் இந்தப் பொழுதுபோக்கை என்ன செய்தது, அதற்கு என்ன கொடுத்தது என்று பார்க்கத்தான் இதை எடுத்திருக்கிறேன்.

வார இறுதிப் படைகள்

பிரிட்டனில் இது பெரிய சமூகம். சீல்டு நாட் என்ற சங்கம் 1968இல் தொடங்கியது. தொடங்கியவர் பிரிகேடியர் பீட்டர் யங். இரண்டாம் உலகப் போரில் கமாண்டோ அதிகாரியாக இருந்து, அப்புறம் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் போர் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். மன்னர் முதலாம் சார்ல்ஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் 1642இல் மூண்ட உள்நாட்டுப் போர்தான் சங்கத்தின் களம். செஷயரில் இருக்கும் நாண்ட்விச் ஊரில் 1644 ஜனவரியில் நடந்த சண்டையை, குளிரில் ஜனவரி மாதமே போய் ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். 1972இல் தொடங்கிய எர்மைன் ஸ்ட்ரீட் கார்டு ரோமானியப் படைக்கு. வைக்கிங்குகளுக்குத் தனிச் சங்கம், 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களுக்குத் தனி. பிரிட்டனிலேயே இருந்துகொண்டு அமெரிக்க உள்நாட்டுப் போரை நடத்துகிறவர்களும் உண்டு.

வெளியிலிருந்து பார்த்தால் வேஷம் கட்டி விளையாடுவதுபோலத்தான் தெரியும். உள்ளே போனால் ஒழுங்கு கடுமை. மஸ்கட் என்ற பழைய நீளத் துப்பாக்கியில் கரிமருந்து மட்டும்தான் போடுவார்கள், குண்டு கிடையாது. அதற்கே ஷாட்கன் சான்றிதழ் வேண்டும், கரிமருந்து வாங்கி வைக்கத் தனி உரிமம் வேண்டும். நீள ஈட்டிக்காரர்கள் இரண்டு கூட்டமாக மோதித் தள்ளும்போது ஈட்டியை மேலே நிமிர்த்திவிட்டுத் தோளால் தள்ளுகிறார்கள். கீழே ஒருவர் விழுந்துவிட்டால் உடனே குரல் கொடுத்து மொத்தக் கூட்டத்தையும் நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு படைப்பிரிவு என்றால் அதுவே ஒரு குடும்பம். கணவன் மஸ்கட் பிடிப்பார், மனைவி ஈட்டி பிடிப்பார், பிள்ளை முரசு அடிக்கும், ராத்திரி கூடாரத்தில் எல்லாரும் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிடுவார்கள். சம்பளம் கிடையாது. உடை, ஆயுதம், பயணம் எல்லாம் கைக்காசு.

இவர்களுக்குள் ஓயாத சச்சரவு ஒன்று உண்டு: எவ்வளவு உண்மையாக இருக்க வேண்டும்? பொத்தான் எலும்பா, பித்தளையா? தையல் கையால் போட்டதா, மிஷினில் ஓட்டியதா? தூரத்தில் நிற்கிற பார்வையாளர்களுக்கு அது தெரியப்போவதே இல்லை. ஆனாலும் அதற்காக மணிக்கணக்கில் உட்கார்ந்து தைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. பழைய காலத்தைக் கையால் தொட்டுப் புரிந்துகொள்ள நினைக்கிற ஒருவர் பொத்தானில் ஆரம்பிப்பதில் தப்பில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு, வெளியே அவ்வளவாகத் தெரியாதது. சாவது. நூற்றுக்கணக்கான மைல் வண்டி ஓட்டி வந்து, கனமான கம்பளி உடை மாட்டிக்கொண்டு, முதல் ஐந்து நிமிஷத்தில் செத்து விழ யாருக்கும் மனசு வராது. அதனால் பல களங்களில் வெடி மேல் வெடி வெடிக்கும், ஆள் விழமாட்டான். தலைவர்கள் "கொஞ்சம் பேர் விழுங்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கும். கடைசியில் செத்தவர்கள் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், கூட்டம் கைதட்டும். நாள் முடிந்தது.

ஆர்க்ரீவில் இந்தப் பழக்கம் எதுவும் உதவவில்லை. அங்கே விழுந்து கிடக்கச் சாவு இல்லை. 1984இல் அந்த வயலில் யாரும் சாகவில்லை. அடிபட்டார்கள், இழுத்துச் செல்லப்பட்டார்கள், வழக்கில் மாட்டினார்கள். எழுந்து நின்றால் முடிந்துவிடுகிற விஷயமாக அது இல்லை.

1984 ஜூன் 18

தெற்கு யார்க்ஷயரின் கார்ட்டன்வுட் சுரங்கத்தை மூடப்போகிறோம் என்று 1984 மார்ச்சில் அறிவித்தார்கள். பிறகு 20 சுரங்கங்கள், 20,000 வேலைகள் என்று கணக்கு வந்தது. நிலக்கரி வாரியத்தின் தலைவர் இயன் மக்கிரெகர், பிரதமர் மார்கரெட் தாட்சர், தொழிற்சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில். வேலைநிறுத்தம் ஒரு வருஷம் நீண்டு, 1985 மார்ச்சில் தொழிலாளர்கள் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள்.

ஆர்க்ரீவில் இருந்தது சுரங்கம் அல்ல, நிலக்கரியைச் சுட்டு எஃகு ஆலைக்கான எரிபொருளாக்கும் கற்கரி ஆலை. அங்கிருந்து ஸ்கன்தார்ப் எஃகு ஆலைக்கு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. லாரிகளை மறிக்க வேண்டும் என்று தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்கள் மனதில் இருந்தது 1972. அந்த வருஷம் பிப்ரவரியில் பர்மிங்ஹாமின் சால்ட்லி கற்கரிக் கிடங்கின் கதவை மறியலால் மூட வைத்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் இதே ஸ்கார்கில். போலீசின் மனதிலும் அதே 1972தான் இருந்தது: இன்னொரு சால்ட்லி நடக்கவிடக் கூடாது. ஒரு விதத்தில் 1984 ஆர்க்ரீவே ஒரு மீள்நடிப்புதான் என்று எனக்குத் தோன்றும். இரண்டு பக்கமும் பழைய சண்டையைத் திருப்பிப் போட வந்திருந்தார்கள். போலீஸ் மட்டும் தன் பாடத்தை மாற்றி எழுதிக்கொண்டு வந்தது.

அன்று நல்ல வெயில். அதுவரை வழியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிய போலீஸ் அன்று மட்டும் எங்கே வண்டியை நிறுத்தலாம் என்று வழிகாட்டியதாகத் தொழிலாளர்கள் சொல்கிறார்கள். பலர் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் படுத்திருந்தார்கள், சிலர் பந்து விளையாடினார்கள். எதிரே பல மாவட்டங்களிலிருந்து வந்த சுமார் 6,000 போலீஸ். நீளக் கேடயங்கள் சுவர்போல நின்றன. லாரிகள் வந்தபோது தள்ளுமுள்ளு நடந்தது, கல் வந்தது. கேடயச் சுவர் திறந்தது, குதிரைகள் வெளியே வந்தன. அப்புறம் சிறு கேடயமும் தடியும் வைத்திருந்த குழுக்கள் கூட்டத்துக்குள் ஓடி ஆட்களைப் பிடித்தன. பின்னால் ரயில் பாதை. ஓடியவர்கள் மேட்டிலிருந்து தண்டவாளத்தில் இறங்கியும் பாலத்தைக் கடந்தும் ஊருக்குள் போனார்கள். குதிரைகள் ஊருக்குள்ளும் வந்தன. ஒரு பெண்ணின் தலையை நோக்கிக் குதிரைமேல் இருந்தபடி தடியை ஓங்கும் போலீஸ்காரரின் படம் அன்று எடுத்ததுதான்.

95 பேர்மேல் வழக்கு. பலருக்குக் கலவரக் குற்றச்சாட்டு. அதற்கு அன்றைய சட்டத்தில் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். முதல் 15 பேரின் விசாரணை ஷெஃபீல்டில் 48 நாள் நடந்து, 1985 ஜூலையில் சரிந்து விழுந்தது. வேறு வேறு போலீஸ்காரர்களின் வாக்குமூலங்களில் ஒரே வாக்கியங்கள் வந்துகொண்டிருந்தன, யாரோ சொல்லச் சொல்ல எழுதியதுபோல. 1991இல் தெற்கு யார்க்ஷயர் போலீஸ் 39 பேருக்கு 4,25,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. தப்பு எங்கள்மேல் என்று ஒப்புக்கொள்ளவில்லை. எந்தப் போலீஸ்காரரும் தண்டிக்கப்படவில்லை.

தொலைக்காட்சி விஷயம் தனி. அன்றைய பி.பி.சி. செய்தியில் முதலில் தொழிலாளர்கள் கல் எறிவதும் அப்புறம் குதிரைகள் பாய்வதும் வந்தன. பார்த்தவர்களுக்குக் கதை தெளிவு: அவர்கள் எறிந்தார்கள், அதனால் இவர்கள் பாய்ந்தார்கள். அங்கே நின்றவர்கள் அன்று ராத்திரியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள், முதலில் வந்தது குதிரை என்று. அவசரத்தில் காட்சிகளின் வரிசை தவறுதலாக மாறிவிட்டது என்று பி.பி.சி. பிற்பாடு சொன்னது. அந்தச் செய்தியைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்த லட்சக்கணக்கான வீடுகளுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை.

இந்த "எது முதலில்" என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2001இன் உயிரே அதில்தான் இருக்கிறது.

தயாரிப்பு

டெல்லர் 1966இல் பிறந்தவர். 18 வயதில், லண்டனில், குதிரைகள் ஆட்களை வயலில் துரத்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்தார். அந்தக் காட்சி அவரை விடவில்லை. லண்டன் கலை அமைப்பான ஆர்ட்ஏஞ்சல் திட்டத்தை எடுத்துக்கொண்டது, சேனல் 4 படமாக்க முன்வந்தது, படத்தை மைக் ஃபிகிஸ் இயக்கினார். இரண்டு வருஷம் ஆய்வு நடந்தது: ஊர்க்காரர்களிடம் பேசினார்கள், புகைப்படங்களைத் தேடினார்கள், பழைய செய்திகளை அலசினார்கள்.

போரை நடத்திக்கொடுக்க ஹோவர்ட் கைல்ஸ் வந்தார். இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பின் நிகழ்ச்சிப் பிரிவைப் பல காலம் நடத்தியவர். கோட்டைகளிலும் மாளிகைகளிலும் மீள்நடிப்பு விழாக்களை வளர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்களிலிருந்து ஆட்கள் திரண்டார்கள். டெல்லர் வேண்டுமென்றேதான் இந்தப் பொழுதுபோக்கிடம் போனார் என்று நினைக்கிறேன். நடிகர்களை வைத்தே எடுத்திருக்கலாம், சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் மீள்நடிப்பாளர்கள் நடத்துவது எல்லாம் இங்கிலாந்து தன் வரலாறு என்று ஏற்றுக்கொண்ட போர்களை: ஹேஸ்டிங்ஸ், நேஸ்பி, மார்ஸ்டன் மூர். அவர்களை ஆர்க்ரீவுக்குக் கூட்டிவந்தால், ஆர்க்ரீவும் அந்த வரிசையில் போய் நிற்கும். வேலைநிறுத்தத்தில் பங்கேற்றவர்களின் வாய்மொழிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட புத்தகத்தின் பெயரே அதைச் சொல்கிறது: இங்கிலாந்து உள்நாட்டுப் போர், பாகம் 2.

உடையில் ஆரம்பித்தது புது அனுபவம். இங்கே கைத்தையல் கிடையாது. வெளுத்த ஜீன்ஸ், டி-ஷர்ட், ட்ரெய்னர் ஷூ, மார்பில் "வேலையில்லாப் படி வேண்டாம், நிலக்கரி வேண்டும்" என்று பொருள்படும் மஞ்சள் ஸ்டிக்கர். பல வருஷம் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பொத்தான் அளந்தவர்களுக்கு, இதைப்பற்றிக் கேட்க அருங்காட்சியகம் தேவைப்படவில்லை. பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் போதும், அன்று அவர் போட்டிருந்த உடைதான் அது.

ஆனால் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பயமும் இருந்தது. மீள்நடிப்பாளர்களில் பலர் தொழிலாளர்களை நினைத்து மிரண்டு போயிருந்தார்கள் என்று டெல்லரே எழுதியிருக்கிறார். எண்பதுகளின் பத்திரிகைகள் சொன்னதை நம்பி, வரப்போகிறவர்கள் ரவுடிகளாகவோ புரட்சிக்காரர்களாகவோ இருப்பார்கள் என்று நினைத்திருந்தார்களாம். எனக்கு இந்த இடம் மிகவும் முக்கியமாகப் படுகிறது. நானூறு வருஷத்துக்கு முந்தைய ஈட்டிக்காரனின் மனசைப் புரிந்துகொள்ள இத்தனை பாடுபடுகிறவர்கள், தங்கள் காலத்தில் ஐம்பது மைல் தள்ளி வாழ்ந்த ஒரு மனிதனைச் செய்தித்தாள் வழியாக மட்டுமே தெரிந்து வைத்திருந்தார்கள். அது அவர்களின் குறை என்று சொல்ல மாட்டேன். நாடே அப்படித்தான் இருந்தது.

நடத்துகிறவருக்குக் கவலை வேறு. பழக்கப்பட்ட மீள்நடிப்பாளருக்கு உடம்பில் ஒரு பிரேக் இருக்கிறது: ஓங்கிய கை எங்கே நிற்க வேண்டும், எதிராளி கண்ணைப் பார்த்து எப்போது விலக வேண்டும் என்பது வருஷக்கணக்கில் பழகிப் படிந்தது. தொழிலாளர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, நினைவு மட்டும் இருக்கிறது. தடி ஓங்கிய போலீஸ் உடையைக் கண்டதும் கை தன்னால் ஓங்கினால் என்ன ஆகும்? அதனால் ஒத்திகை வைத்தார்கள், கூட்டத்தைக் குழு குழுவாகப் பிரித்தார்கள், யார் எந்த அடையாளத்துக்கு எப்போது ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

முன்னாள் தொழிலாளர்களில் சிலர் போலீஸ் பக்கம் நிற்கச் சம்மதித்தார்கள். அன்று தங்களைத் துரத்திய உடையை அவர்களே மாட்டிக்கொண்டார்கள். மீள்நடிப்பு உலகில் பக்கம் மாறுவது சாதாரணம், எதிரிப் படைக்கு ஆள் குறைந்தால் மேலுடையை மாற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். ஆர்க்ரீவில் அதையே சாதாரணம் என்று சொல்ல முடியாது.

அந்த ஞாயிறு

நிகழ்ச்சி இரண்டு பகுதி: முதலில் வயல், அப்புறம் ஊர்த் தெரு. ஆலை அப்போது இல்லை, 1990இல் மூடி இடித்துவிட்டார்கள். பார்க்க ஊர் ஜனம் கயிற்றுக்கு வெளியே குடும்பம் குடும்பமாக நின்றது.

படத்தில் பார்த்தால் ஆரம்பத்தில் ஒரு பொதுச் சிரிப்பு இருக்கிறது. பழைய கோஷங்கள், "ஹியர் வி கோ" என்ற பந்தாட்டக் கூட்டத்துப் பாட்டு, பல வருஷம் கழித்துப் பார்க்கிறவர்களின் தோள் தட்டல். மறியல் நாட்களில் எப்படி ஒரு திருவிழாக் களை இருந்ததோ அப்படி. கேடயத் தாளம் தொடங்கியதும் அந்த முகங்கள் மாறுகின்றன. நடிக்கத் தெரிந்தவர் முகத்தில் கோபம் படிப்படியாக ஏறும். இங்கே அப்படி இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்துகிறார், அவ்வளவுதான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். அதைச் சொல்லிக்கொடுத்து வாங்க முடியாது.

கேடயச் சுவர் திறக்கிறது. குதிரைகள் வருகின்றன. கூட்டம் சிதறி ஓடுகிறது. கல் எறிவது பெருகுகிறது. ஊருக்குள் துரத்தல். இழுத்துப்போகிறார்கள்.

பொத்தானில் உண்மையைத் தேடும் பொழுதுபோக்குக்கு வேறு ஓர் உண்மையைத் தாங்கும் வலிமை இருந்தது அங்கேதான் தெரிகிறது. அது வரிசை. மீள்நடிப்பின் அடிப்படையே காட்சித்திட்டம்: முதலில் இந்தப் பிரிவு நகரும், அது இந்த மரத்தைத் தொட்டதும் அந்தப் பிரிவு பதில் சொல்லும். ஆயிரம் பேர் ஓடும் இடத்தில் வரிசை தப்பினால் ஆளுக்கு அடிபடும். அதனால் எது முன், எது பின் என்பதை எல்லாரும் உடம்பில் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். செய்தி அறையில் இரண்டு துண்டு படச்சுருளை மாற்றி ஒட்டினால் போதும், கதை தலைகீழாகிவிடும். ஆயிரம் பேரின் கால்களை அப்படி மாற்றி ஒட்ட முடியாது. 1984இல் திரையில் தொலைந்த வரிசையை 2001இல் வயலில் நடந்து நடந்து திருப்பி வைத்தார்கள். படத்தில் முன்னாள் அமைச்சர் டோனி பென் அந்தத் தொலைக்காட்சி வரிசை மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் பேச்சைவிடக் கால்கள்தான் எனக்கு அழுத்தமான சாட்சி.

புதைத்த பிணத்தைத் தோண்டி எடுத்து ஒழுங்காகப் பிரேதப் பரிசோதனை செய்வதுபோல, ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு குற்றத்தை நடித்துக்காட்டுவதுபோல என்று டெல்லர் இதை விவரித்திருக்கிறார். காயம் ஆற்றும் சடங்காக அவர் இதை நினைக்கவில்லை. அதுவே இதன் நேர்மை.

குறைகள்

இதை முழு வெற்றி என்று சொல்ல எனக்கு மனமில்லை.

முதல் குறை, எல்லாமே கேமராவுக்காக இருந்தது. எங்கே நிற்பது, எப்போது ஓடுவது என்பதில் வரலாற்றுக்கு ஒரு கை, படப்பிடிப்புக்கு ஒரு கை. இரண்டாவது, வேலைநிறுத்தத்தை ஒரு வருஷம் தூக்கி நிறுத்தியவர்களில் பெரும்பங்கு பெண்கள். பொது அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள், நன்கொடை திரட்டினார்கள், மேடையேறிப் பேசினார்கள். போர்க்களம் என்ற வடிவத்தை எடுத்ததுமே அந்த உழைப்பு ஓரத்துக்குப் போய்விடுகிறது. படத்தில் ஆதரவுக் குழுப் பெண்ணின் குரல் வருகிறது, ஆனாலும் களத்தில் ஓடுவது ஆண்கள். இது ஆர்க்ரீவின் குறை மட்டும் இல்லை, போர் மீள்நடிப்பு என்ற வடிவத்தின் பிறவிக்குறை. சண்டை நடந்த அரை நாளை மட்டும் அது எடுத்துக்கொள்ளும், அதற்கு முன்னும் பின்னும் சோறு போட்ட மாதங்களை விட்டுவிடும்.

மூன்றாவது, போலீஸ் பக்கம் மெலிந்து இருந்தது. சில முன்னாள் போலீஸ்காரர்கள் வந்தார்கள். சுரங்கக் குடும்பத்தில் பிறந்து போலீசில் சேர்ந்து, பிறகு மனம் கசந்து வெளியேறிய ஒருவர் படத்தில் பேசுகிறார். படத்திலேயே கனமான பகுதிகளில் அது ஒன்று. ஆனால் அன்று தடி பிடித்தவர்கள் பெரும்பாலும் வரவில்லை. அவர்களின் இடத்தை ரோமானியர்களும் வைக்கிங்குகளும் நிரப்பினார்கள். அதன் விளைவாக ஒரு பக்கத்துக்கு நினைவு, மறுபக்கத்துக்கு வெறும் உடை என்று ஆகிவிட்டது.

சந்தோஷத்தைக் குறையாக எண்ண மாட்டேன். மீள்நடிப்பாளர்கள் அந்த நாளை ரசித்தார்கள், தொழிலாளர்களிலும் பலர் ரசித்தார்கள். அவமானப்பட்ட இடத்துக்கு ஒருவன் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து, இந்த முறை யார் எப்போது ஓடுவது என்பதைத் தெரிந்தே ஓடுகிறான் என்றால், அதில் சிரிப்பு வருவது இயல்பு. ரசிப்பதால் துரோகம் ஆகிவிடாது.

உயிரோடு இருப்பவர்களின் நினைவைத் தொடும்போது இந்தச் சமூகத்துக்கு வேறு இடங்களிலும் கால் தடுமாறியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர் வார இறுதிகளில் ஹிட்லரின் நாஜிப் படையான எஸ்.எஸ். உடை போட்டு வருவது பிரிட்டனில் பல ஊர்களில் தகராறாகி, யார்க்ஷயரின் ஹாவொர்த் போன்ற இடங்களில் அந்த உடையோடு வராதீர்கள் என்றே சொன்னார்கள். துணியின் நிறம் சரியா என்று மட்டும் கேட்கப் பழகினால் இந்தத் தடுமாற்றம் வரத்தான் செய்யும். துணியைப் பார்த்ததும் பதறக்கூடிய ஒருவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாரா என்பது வேறு கேள்வி. ஆர்க்ரீவ் அந்த இரண்டாவது கேள்வியை முதலில் கேட்டது, அந்த ஆளைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டி வந்தது.

பிறகு

படம் 2002இல் சேனல் 4இல் ஒளிபரப்பானது. ஆய்வில் சேர்ந்த பொருட்கள், படம், பேட்ஜ் குத்திய டெனிம் ஜாக்கெட், போலீஸ் கேடயம் எல்லாம் இப்போது டேட் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கின்றன. ஒருவருக்கு இழைத்த கேடு எல்லாருக்கும் இழைத்த கேடு என்ற தொழிற்சங்க முழக்கத்தைத் தலைப்போடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். டெல்லருக்கு 2004இல் டர்னர் பரிசு கிடைத்தது, வேறொரு படைப்புக்காக.

பதினைந்து வருஷம் கழித்து அவர் இன்னொரு போரைத் தொட்டார். 2016 ஜூலை 1, சோம் சண்டையின் முதல் நாளுக்கு நூறு வருஷம். 1916இல் அந்த ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் படையினர் இறந்தார்கள். சுமார் 1,400 தன்னார்வலர்கள் முதல் உலகப் போர் உடையில் பிரிட்டன் முழுக்க ரயில் நிலையங்களிலும் கடைத்தெருக்களிலும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் பேசாமல் ஒரு சீட்டை நீட்டினார்கள். அதில் அன்று இறந்த ஒரு சிப்பாயின் பெயர் இருந்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை, யாரும் ஓடவில்லை, விழவில்லை. திருத்திச் சொல்ல உயிரோடு யாரும் மிச்சம் இல்லாத போருக்கு அவர் சண்டையை நடத்தவே இல்லை. உயிரோடு ஆள் இருந்த ஆர்க்ரீவில் மட்டும்தான் நடத்தினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குப் புரிகிறது.

ஆர்க்ரீவ் வழக்கு இன்னும் முடியவில்லை. உண்மையும் நீதியும் கேட்டு ஓர் இயக்கம் 2012இல் தொடங்கியது. 2016இல் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் விசாரணை தேவையில்லை என்று மறுத்தார். 2025 ஜூலையில் அரசு சட்டப்பூர்வ விசாரணையை அறிவித்தது. ஷெஃபீல்டு பிஷப் பீட் வில்காக்ஸ் அதன் தலைவர். ஆலை இருந்த நிலத்தில் இப்போது வேவர்லி என்ற குடியிருப்பும் நவீனத் தொழில் பூங்காவும் எழுந்திருக்கின்றன. 1984இல் 18 வயதில் மறியலுக்கு வந்த ஒருவருக்கு, விசாரணை அறிவித்த அன்று 59 வயது.